மூல ஓலை

தட்டில் இரண்டு இட்லி வைத்திருந்தோம். அப்பா ஒன்றைச் சாப்பிட்டார். வலப்பக்கம் இருந்த சட்னியை வழித்து நக்கினார். பிறகு நிமிர்ந்து, "ஒண்ணுதானா? இன்னொண்ணு வைக்கறது" என்றார்.

தட்டின் இடப்பக்கம் இரண்டாவது இட்லி தொடாமல் இருந்தது.

அவருக்குப் பக்கவாதம் வந்து 11ஆம் நாள் அது. மூளையின் வலப்பாதியில் ரத்த ஓட்டம் அடைபட்டு இடது கையும் காலும் தளர்ந்திருந்தன. கண்ணில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "இங்க இருக்கே அப்பா" என்று நான் இட்லியைத் தொட்டுக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "எங்கடா?" என்றார். விளையாடுகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அம்மா எதுவும் பேசவில்லை. தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள். "இது எப்ப வெச்ச?" என்று கேட்டுக்கொண்டே அப்பா சாப்பிடத் தொடங்கினார்.

அன்று மாலை மருத்துவமனையில் அவரைக் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்கள். வட்டத்தை ஒழுங்காகப் போட்டார். 12 எண்களையும் வலது பாதிக்குள்ளேயே நெருக்கி நெருக்கி எழுதினார். "சரியா இருக்கா ஐயா?" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் கேட்டதற்கு, "சரியாத்தான் இருக்கு" என்றார். குரலில் சந்தேகமே இல்லை. விழி பார்க்கிறது, நரம்பு கொண்டுபோய்ச் சேர்க்கிறது, ஆனால் இடப்பக்கம் என்று ஓர் உலகம் இருப்பதே மனத்தில் ஏறுவதில்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களிடம் இது அபூர்வமில்லையாம். பலருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும் என்றார்கள்.

கடவுள் நம்பிக்கையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அறிவுக்கும் அறத்துக்கும் கடவுள் அடித்தளமாக இருக்க முடியுமா என்ற கேள்வி எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே உண்டு. படித்த புத்தகங்களில் கிடைக்காத ஒன்று அந்தத் தட்டில் கிடைத்தது. அதனால் அங்கேயே தொடங்கிவிட்டேன்.

அப்பா பத்திர எழுத்தர். கணினி வந்து சேரும்வரை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் மேசை போட்டு, முத்திரைத்தாளில் கையால் எழுதியவர். கிரயம், விடுதலை, பாகப்பிரிவினை, உயில் எல்லாம் எழுதியிருக்கிறார். சக்குபந்தி எழுதும்போது நான்கு எல்லைகளையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். யாராவது நிலம் விற்க வந்தால் அவர் முதலில் கேட்பது, "மூலப்பத்திரம் இருக்கா?" என்பதுதான். இன்றைய கிரயம் செல்ல வேண்டுமானால் விற்பவருக்கு உரிமை இருக்க வேண்டும். அவருக்கு உரிமை வந்தது அதற்கு முந்தைய பத்திரத்தால். அந்தப் பத்திரம் அதற்கும் முந்தையதால். வில்லங்கத்தை 30 வருடத்துக்குப் போட்டுப் பார்ப்பார்கள், அதற்கு மேல் யாரும் போவதில்லை. சிறுவயதில் நான் கேட்டிருக்கிறேன்: "அதுக்கும் முந்தி யாருதுப்பா நிலம்?" அப்பா பேனாவை மூடிவிட்டு யோசித்தார். "அது சிவனுதுதான்" என்றார். பதில் தெரியாததற்குச் சொல்லும் பேச்சு என்று அப்போது நினைத்தேன்.

அவருக்கு மிகவும் பிடித்த கதை சுந்தரருடையது. தொழில்காரர் ஒருவர் தன் தொழிலைப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் வாயால் கேட்கிற மகிழ்ச்சி அது. புத்தூரில் திருமணப் பந்தல். ஒரு முதியவர் வந்து நிற்கிறார். இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். ஆரூரர் என்ற பெயருடைய அந்த மாப்பிள்ளை, நம் சுந்தரர், அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் முதியவரிடம் கேட்பது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு. அனுபோகம், பத்திரம், சாட்சி என்று அப்பா விளக்குவார். முதியவர் சொல்கிறார்: இவன் கிழித்தது படியோலை, மூல ஓலையைக் கையில் வைத்திருக்கிறேன்.

அந்த ஓலையின் வாசகத்தை அப்பா மனப்பாடமாகச் சொல்வார். "அருமறை நாவல் ஆதி சைவன் ஆரூரன் செய்கை" என்று எழுதிக்கொடுப்பவர் பெயரில் தொடங்கி, எழுதி வாங்குபவர் யார், என்ன உடன்படிக்கை, வாரிசுகளையும் கட்டுமா என்று வரிசையாகப் போய், "இதற்கு இவை என் எழுத்து" என்று முடியும். "பாரு, ஒரு ஷரத்து விடல" என்பார். அவை அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பறையிலிருந்து வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு.

எனக்கு இந்தக் கதையில் வியப்பு வேறிடத்தில். வந்தவர் இறைவன். அவர் மூன்றாம் கண்ணைத் திறந்து காட்டியிருக்கலாம், விடையேறி நின்றிருக்கலாம். அவையும் அடங்கியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. ஊர்ச் சபையின் முன் நின்று, மனிதர்கள் சான்றைச் சோதிக்கும் முறைக்குத் தன்னை உட்படுத்திக்கொள்கிறார். நம்பு என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. சான்று காட்டுகிறார். கடவுளை நம்புகிறவன் கேள்வி கேட்கக் கூடாது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அவைதான் நினைவுக்கு வரும்.

அப்பா கேட்ட மூலப்பத்திரக் கேள்வியை 1641இல் பிரான்சுக்காரர் ரெனே தெக்கார்த் அறிவைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்வதற்கு எது ஆதாரம்? கண்ணால் பார்த்தேன். கண் ஏமாற்றாதா? கணக்குப் போட்டேன். வல்லமை மிக்க ஒரு தீய சக்தி என் கணக்கிலேயே விளையாடினால்? எல்லாவற்றையும் சந்தேகித்துக்கொண்டே போய், சந்தேகிக்கிற நான் இருக்கிறேன் என்ற ஒன்றில் கால் ஊன்றுகிறார். அங்கிருந்து உலகத்துக்குத் திரும்பிவர அவருக்குக் கடவுள் தேவைப்படுகிறார். கடவுள் நிறைவானவர், நிறைவானவர் ஏமாற்ற மாட்டார், ஆகவே தெளிவாகத் தெரிவதை நம்பலாம்.

அப்போதே அந்துவான் ஆர்னோ என்பவர் ஒரு கேள்வியைப் போட்டார். தெளிவாகத் தெரிவது உண்மை என்பதற்குக் கடவுள் பொறுப்பு. கடவுள் இருக்கிறார் என்று எப்படித் தெரிந்தது? தெளிவாகத் தெரிகிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "கடன் வாங்கறவனே தனக்கு ஜாமீன் போட்ட மாதிரி" என்றார்.

தெக்கார்த்துக்கு இதற்குப் பதில் உண்டு, அவர் பக்கம் நின்று வாதாடுகிற அறிஞர்களும் உண்டு. இந்த ஒரு கேள்வியால் அவர் கட்டியது முழுவதும் விழுந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய கடவுள் என்னை ஒருபோதும் தொட்டதில்லை. அந்தக் கடவுள் ஒரு சான்றொப்பம். ஒருமுறை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலை இல்லை.

அதே வெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில், சைவ சித்தாந்தம் என்ற தத்துவத்துக்கு மூலநூல் தந்த மெய்கண்டார் இருந்தார். அந்த நூல் சிவஞானபோதம் 12 சூத்திரம், மொத்தம் 40 அடி. ஒரு பக்கத்தில் அச்சடித்துவிடலாம். அதை அப்பா தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். நான் பல வருடம் அதைப் பார்த்திருக்கிறேன், படித்ததில்லை. மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு ஒரு பிற்பகல் அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். 11ஆம் சூத்திரத்தில் நின்றுவிட்டேன்.

"காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல்
காண உள்ளத்தைக் கண்டு காட்டலின்
அயரா அன்பின் அரன்கழல் செலுமே."

கண் காண்கிறது. ஆனால் உயிர் கூடிநின்று காட்டினால்தான் கண் காணும். அதுபோல உயிர் அறிகிறது. இறைவன் கூடிநின்று காட்டினால்தான் உயிர் அறியும். இதை ஏதோ உருவகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் அப்பாவின் கண் இட்லியின் மேல் இருந்தது. காட்ட வேண்டிய உள்ளம் அங்கே வந்து சேரவில்லை. காணும் கண்ணும் காட்டும் உளமும் வேறு வேறு என்பதை 40 வருடக் கண்பார்வையில் நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. இரண்டும் பிரிந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் சூத்திரத்தில் உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்கு மெய்கண்டார் அடுக்கும் காரணங்களில் ஒன்று, "உணர்த்த உணர்தலின்". யாரோ உணர்த்த, அது உணர்கிறது. உயிரை மண்ணாங்கட்டி என்றும் சொல்லவில்லை, தானே எல்லாம் அறியும் என்றும் சொல்லவில்லை. அறியும் தகுதி உண்டு, காட்டினால் காணும். சைவ சித்தாந்தம் தனக்கென்று பிடித்துக்கொண்டிருக்கும் இடம் இது. அதனால்தான் இறைவன் செய்வதை உபகாரம் என்ற சொல்லால் குறிக்கிறார்கள். காட்டும் உபகாரம் ஒன்று, காணும் உபகாரம் ஒன்று. சூத்திரத்தில் "கண்டு காட்டலின்" என்று இருப்பது அதற்காக. காட்டுகிறவன் எட்ட நின்று விரலை நீட்டுவதில்லை, கூடவே இருந்து தானும் காண்கிறான். நான் விரலை நீட்டினேன், அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எது எங்கே மறைகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டைத் திருப்பினாள்.

அந்தச் சூத்திரம் ஒரு வாதம். காட்டலின் என்பது ஏது, காரணம். காரணம் சொன்னால் முடிவாக ஓர் அறிவு வர வேண்டும், ஆகவே இறைவன் உளன் என்பதுபோல. இங்கே வருவது அயரா அன்பு. எனக்குத் தெரிகிறது, அது என்னால் மட்டும் தெரியவில்லை, ஆகவே அன்பு. தெக்கார்த்தின் வாதம் எங்கே உறுதி என்று முடிகிறதோ, அங்கே மெய்கண்டாருடையது நன்றி என்று முடிகிறது. இரண்டாம் குறளும் இதைத்தான் கேட்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வாலறிவன் நற்றாள் தொழாவிட்டால் கற்றதனால் ஆய பயன் என்ன? மிரட்டல்போல ஒலிக்கும் அந்தக் குறளை நான் வெகுநாள் விலக்கி வைத்திருந்தேன். கற்றதை எல்லாம் தானே ஈட்டியதாக எண்ணுகிறவனைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது.

நரம்பியல் படித்த நண்பன் ஒருவனிடம் இதைப் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காட்டும் உளம்னு நீ சொல்றது மூளையோட ஒரு பகுதி. அங்க அடி, அதனால காட்டல. இதுல சிவன் எங்க வந்தார்?" என்றான். நேர்மையான கேள்வி. மூளையின் அந்தப் பகுதியை நான் மறுக்கவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த வெளுத்த திட்டைப் பார்த்திருக்கிறேன். மெய்கண்டாரும் மனம், புத்தி முதலிய கருவிகளைச் சடம், தாமாக அறியாத பொருள் என்றுதான் சொல்கிறார். அவை கெட்டால் உயிரின் அறிவும் தடைபடும் என்பது அவர் கணக்கிலேயே உண்டு. நண்பன் கருவியோடு நிறுத்திக்கொள்கிறான். நான் இன்னும் ஒரு பத்திரம் பின்னால் போகிறேன். கருவி வேலை செய்கிறது என்பது சரி. அது தருவதை உண்மை, பொய் என்று தரம் பிரிக்கிறேனே, பொய்யை விட்டு உண்மையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் ஒரு கட்டாயம் இருக்கிறதே, அது எந்தத் திட்டின் வேலை? உயிர் பிழைக்க உதவுவது என்று அவன் சொன்னான். பிழைப்புக்கு உதவாத உண்மைக்காகவும் மனிதர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள் என்றேன். பேச்சு அங்கேயே நின்றது. நான் அவனை வென்றுவிடவில்லை. அவனும் என்னை அசைக்கவில்லை. நான் நிற்கும் இடம் எது என்று எனக்குத் தெளிவானது, அவ்வளவுதான்.

இதைவிட என்னை உலுக்கிய வேறொன்று இருக்கிறது. இட்லி தெரியாததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. தெரியவில்லை என்பதே அப்பாவுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டவனுக்கு இருட்டாவது தெரியும். அவருக்கு இருட்டு இல்லை. முழு உலகத்தையும் பார்க்கிறோம் என்ற நிறைவோடு பாதி உலகத்தில் இருந்தார். மெய்கண்டார் மரபில் வந்த உமாபதி சிவம் 14ஆம் நூற்றாண்டில் திருவருட்பயன் என்ற நூலில் ஆணவத்தைப் பற்றி ஒரு குறள் எழுதியிருக்கிறார்:

"ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது."

இருள் எந்தப் பொருளையும் காட்டாது, ஆனால் தன் உருவத்தையாவது காட்டும். ஆணவம் இரண்டையும் காட்டாது. பொருளையும் மறைக்கும், மறைத்துக்கொண்டிருக்கும் தன்னையும் மறைக்கும். ஆணவம் என்றால் திமிர் என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். இவர்கள் அந்தச் சொல்லால் குறித்தது இந்தக் குருட்டுத்தனத்தை. சகலாகம பண்டிதர் என்று பெரும்பெயர் பெற்றிருந்தவர் சிறுவரான மெய்கண்டாரிடம் வந்து, ஆணவத்தின் வடிவம் எப்படி இருக்கும் என்று கேட்டாராம். மெய்கண்டார் ஒரு சொல்லும் பேசாமல் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார் என்பது மரபுக்கதை. அந்தப் பண்டிதர்தான் பின்னால் அவருடைய மாணவராகி அருள்நந்தி சிவாசாரியார் ஆனார்.

அறிவுக்குக் கடவுளை அடித்தளம் என்று சொல்கிறவர்கள் இந்தக் குறளை முதலில் தங்கள்மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நானும் அதில் சேர்த்திதான். மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று சொல்வது எளிது. நம் நாட்டில் கோயில் வாசலில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னவர்கள் தலைமுறை தலைமுறையாக மனிதர்களைத் தெருவிலேயே நிறுத்தினார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடுத்தவர்கள் தங்களைக் கொடியவர்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். கடிகாரத்தை வரைந்துவிட்டுச் சரியாத்தான் இருக்கு என்ற அப்பாவின் குரல்தான் அவர்கள் குரலும். தட்டின் மறுபாதியில் நின்ற மனிதர்கள் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பாவுக்கு வந்தது நோய். அதை அவர் வளர்க்கவில்லை. இவர்கள் வளர்த்தார்கள், நூல் எழுதி வளர்த்தார்கள், அதனால் லாபமும் அடைந்தார்கள். அந்த வித்தியாசத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

அப்படியென்றால் நல்லது கெட்டதற்குக் கடவுள் எப்படி அடித்தளம்? கடவுள் சொன்னதால் நல்லதா, நல்லது என்பதால் கடவுள் சொன்னாரா என்று ஏதென்ஸில் சாக்ரடீஸ் கேட்டதாக ஒரு கேள்வி உலகம் முழுவதும் பிரபலம். நம்மிடம் அதைவிட நேரடியாகவே பேசியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் சாவுப் பறை, ஒரு வீட்டில் மணமுழவு. இதைக் கண்ட பக்குடுக்கை நன்கணியார், "படைத்தோன் மன்ற அப்பண்பி லாளன்" என்கிறார் புறநானூற்றில். படைத்தவன் பண்பில்லாதவன். இரந்துதான் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் கெட்டு அலையட்டும் என்கிறார் வள்ளுவர். அதே வள்ளுவர்தான் முதல் அதிகாரத்தில் கடவுளை வாழ்த்தியவர். மேலுலகம் இல்லை என்றாலும் ஈதலே நன்று என்றும் அவர்தான் சொன்னார்.

இந்த வரிகளைக் காட்டி, பார், தமிழனின் அறத்துக்குக் கடவுள் தேவைப்படவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். சொர்க்கத்துக்காகச் செய்வது அறமாகாது. கடவுள் கட்டளையிட்டார் என்பதற்காக ஒரு கொடுமை நன்மையாகிவிடாது. ஆனால் பசித்தவனைப் பார்த்ததும் படைத்தவனையே சபிக்கும் அளவுக்கு வள்ளுவருக்கு எது தெரிந்தது? இது நடக்கக் கூடாது என்ற அந்த அறிவு எவ்வளவு உறுதியாக இருந்தால் படைப்புக்கே எதிராக நிற்கும்! நான் இறை என்று கும்பிடுவது அந்தச் சாபத்துக்கு ஆளானவனை இல்லை. அந்தச் சாபத்தைச் சொல்ல வைத்த வெளிச்சத்தை. உலகம் இப்படித்தான் என்று எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இப்படி இருக்கக் கூடாது என்று உள்ளே ஒன்று காட்டுகிறதே, அதை. சுந்தரர் முதல் பாட்டிலேயே இறைவனைப் பித்தா என்று அழைத்ததும் எனக்கு இங்கேதான் பொருந்துகிறது. திட்டியவனிடம், அப்படியே பாடு என்றவர் அவர்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நடுவயதுக்காரர் தன் தாயை அழைத்துக்கொண்டு அப்பாவின் கொட்டகைக்கு வந்தார். வீட்டையும் கொல்லையையும் மகன் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுத வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கம், வரி ரசீது எல்லாம் சரி. அப்பா முத்திரைத்தாளை எடுத்து வைத்தார். பிறகு மகனை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, "பாட்டி, எதுக்கு வந்திருக்கோம்னு தெரியுமா?" என்று கேட்டார். "முதியோர் பென்ஷனுக்கு ரேகை வைக்கணும்னான்" என்றாள் பாட்டி. அப்பா தாளை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டார். டீயோடு வந்தவரிடம், "நான் எழுதல. வேற ஆளப் பாத்துக்கங்க" என்றார். அந்த மாதம் எங்கள் வீட்டில் பணத்துக்கு மிகவும் நெருக்கடி. எதிர் மேசைக்காரர் எழுதிவிடுவார் என்பதும் அவருக்குத் தெரியும். பாட்டியிடம் விஷயத்தை விளக்கிச் சொல்லித்தான் அனுப்பினார். அதற்குமேல் என்ன நடந்தது என்று தெரியாது.

ராத்திரி அம்மா, "எழுதியிருந்தா என்ன, சட்டப்படி தப்பில்லையே" என்று கேட்டாள். அப்பா, "அந்தம்மா முகத்தப் பாத்தாச்சு. அப்பறம் எப்படி எழுதறது" என்றார். எந்த நூலையும் சொல்லவில்லை. பாவம், நரகம் என்றும் பேசவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது, அவர் கண்டார். அறம் அறிவாக வரும் விதம் இது என்று நினைக்கிறேன். முதலில் விதி, பிறகு முகம் என்று வருவதில்லை. முகம் தெரிந்ததும் எது கூடாது என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

அப்பாவின் நெருங்கிய நண்பர் ஒருவர் கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டுப் பூசையறைப் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை. அப்பா படுத்த பிறகு தினமும் காலையில் வந்து செய்தித்தாளில் அப்பாவின் கண்ணுக்குப் படாத இடப்பக்கப் பத்திகளை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போனார். மூன்று மாதம், மழைநாளிலும். அந்த மாமா என் அப்பாவுக்குக் காட்டியவர். நானோ, காட்டும் அன்பெல்லாம் அரனுடைய காட்டல் என்று நம்புகிறவன். வெயிலில் நடப்பவன் கதிரவனை நினைக்காவிட்டாலும் வழி தெரியும், அப்படித்தான் இவருக்கும் என்று சித்தாந்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம். நான் அதை நம்பவும் செய்கிறேன். ஆனால் அவர் முகத்துக்கு எதிரே சொல்ல மாட்டேன். அவர் செய்த நன்மைக்கு அவர் கேட்காத ஒரு பெயரில் பத்திரம் எழுத எனக்கு உரிமை இல்லை. ஒருநாள் அவரே கேட்டார்: "தம்பி, கடவுள் இல்லன்னா நீ உங்கப்பாவப் பாத்துக்க மாட்டியா?" "பாத்துப்பேன் மாமா" என்றேன். "அப்பறம் என்ன?" என்றார். "பாத்துக்கணும்னு தோணறது யார் குடுத்ததுன்னுதான் யோசிக்கறேன்" என்றேன். அவர் செய்தித்தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "யோசி" என்று தோளில் தட்டினார்.

பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு பயிற்சி கொடுத்தார். நோட்டின் இடது ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் தடிமனாக ஒரு கோடு. அந்தக் கோடு தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும், தெரிந்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும். அப்பா என்ன எழுதட்டும் என்று கேட்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த அந்தத் தாளையே எடுத்து வைத்தேன். முதல் வாரம் "காணும் கண்ணுக்கு" என்பதைப் பக்கத்தின் நடுவில் தொடங்கி வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு கீழே இறக்கினார். கையெழுத்து மட்டும் பழைய முத்திரைத்தாள் கையெழுத்து, மணிமணியாக. "கோட்டப் பாருங்க ஐயா, இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் சொல்லச் சொல்லத் தலை மெல்லத் திரும்பும். கோடு கண்ணில் பட்டதும் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தில் ஒரு திடுக்கிடல். ஆறாவது வாரம் எழுத்து கோட்டை நெருங்கியது. அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. பக்கம் பக்கமாக எழுத்து இடப்பக்கம் நகர்ந்து போவதைப் பார்க்கலாம்.

இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. தட்டு முழுவதும் தெரிகிறது என்கிறார். மருத்துவரும் அதைத்தான் சொன்னார். அம்மா இன்னும் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

போன வாரம் தோசை. சாப்பிட்டு முடித்துவிட்டார். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்பது நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். வலது கை விரல்களால் தட்டின் விளிம்பைப் பிடித்து மெல்லச் சுற்றினார், ஒரு முழு வட்டம்.

"என்னங்க, இன்னும் வேணுமா?" என்றாள் அம்மா.

"இல்ல. பாத்துக்கறேன்" என்றார்.